சும்மா கூப்பிடுகிற வரி

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிற டீச்சர் ஒருத்தி இருந்தாள். பெயர் தெபோராள். அவளிடம் படிக்க வந்தவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஆவுடையப்பன் என்று பெயர். அதற்கு முன்னால் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

அவர்கள் வேலை செய்த இடம் ஒரு மூடிப்போன சினிமா தியேட்டர். டீச்சரின் அப்பா ஒரு காலத்தில் அங்கே படம் ஓட்டியவர். நாற்காலிகளை எல்லாம் பிடுங்கி விற்றுவிட்டார்கள். தரையில் போல்ட்டு மட்டும் வரிசையாக நிற்கும். பார்க்காமல் நடந்தால் காலைக் கிழிக்கும். சுவர் முழுக்கத் தென்னை நார் அட்டை. உள்ளே பேசுகிற பேச்சு அந்தச் சுவருக்குள் போய்விடும். திரும்பி வராது. வெளியேயும் போகாது.

பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை இருந்தது. படம் ஓடின காலத்தில் கைப்பிள்ளைக்காரிகளை அதில் உட்காரவைப்பார்கள். பிள்ளை அழுதால் மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது, அதற்காக. உள்ளே இருக்கிறவளுக்குக் கண்ணாடி வழியாகப் படமும் தெரியும், ஸ்பீக்கரில் பாட்டும் கேட்கும். பிள்ளை அழுவது அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

இப்போது அந்த அறையில் பெட்டி வைத்திருந்தார்கள். குறைமாதப் பிள்ளைகளைச் சூடாக வைக்கிற பெட்டி. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். பெட்டியைச் செய்கிற ஆள்கள் வேறு. அது எப்போது சூடேற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது டீச்சரின் ஆள்கள்.

எழுதியதை மெஷினுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்க ஒரு புரோகிராம் உண்டு. கம்பைலர் என்பார்கள். எழுதியதில் பெரிய தப்பு இருந்தால் அது மாற்றித் தராது. நின்றுவிடும். சின்னச் சந்தேகம் என்றால் மாற்றித் தந்துவிடும். தந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லும். இந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை, பார்த்துக்கொள் என்று. அதற்கு வார்னிங் என்று பெயர். பார்க்காவிட்டாலும் வேலை ஓடும்.

மற்ற இடங்களில் அது திரையின் ஓரத்தில் எழுத்தாக வந்துவிட்டுப் போகும். டீச்சர் அதை மணியில் கட்டியிருந்தாள். படம் தொடங்கும் முன்னால் அடிக்கிற பழைய மணி. ஒரு வார்னிங்குக்கு ஒரு அடி.

தென்னை நார்ச் சுவருக்குள் அந்த மணி ஒரு மாதிரி கேட்கும். அடிக்கும், அடித்த உடனே நின்றுவிடும். யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

மணியை நிறுத்தவும் வழி இருந்தது. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஒரு எண்ணை வாங்கி ஒரு பெயரில் போட்டு வைக்கிறோம். பிறகு அந்தப் பெயரை யாரும் தேடவில்லை என்றால் கம்பைலர் கேட்கும், இதை வாங்கி வைத்தாயே, எதற்கு என்று. அப்போது ஒரு வரி எழுதினால் போதும். அந்தப் பெயரைச் சும்மா ஒரு தரம் கூப்பிடுகிற வரி. கூப்பிடும், வந்ததைக் கீழே போட்டுவிடும். கூப்பிட்டுவிட்டார்கள் என்று நம்பிக் கம்பைலர் பேசாமல் இருந்துவிடும்.

டீச்சர் அதைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள்.

"சும்மா கூப்பிடுத வரி எழுதலாம். எழுதினா, அங்க இருக்கிற பேரை எடுத்துட்டு உங்க வீட்டு ஆள் பேரை வைக்கணும்."

"எதுக்கு டீச்சர்?"

"இங்கன அப்படித்தான்."

ஜெயசீலன் என்று ஒரு பையன் படித்தான். குறும்பன். ஒரு நாள் சும்மா கூப்பிடுகிற வரி எழுதி, அதில் மாமியார் பெயரை வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் பார்த்தால் வரியைக் காணோம்.

"ஏம்ப்பா எடுத்துட்ட?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி."

"மாமியார் மேல அம்புட்டு பாசமா?"

"பாசம் இல்ல. ஆனாலும் ஒரு மாதிரி இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவனும் எழுதவில்லை, மற்றவர்களும் எழுதவில்லை.

ஆவுடையப்பன் வந்த புதிதில் ஒரு நாள் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், மணி அடிச்சாலும் மெஷின் ஓடத்தான செய்யுது. பிறகு எதுக்கு மணி?"

டீச்சர் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள்.

"எங்க அப்பா ஒண்ணு சொல்லுவாரு. ஒரு நாள் மேட்னி. கூட்டம். கைப்பிள்ளையோட ஒருத்தி அந்த ரூமுக்குள்ள போனா. அன்னைக்கு அவ ஒருத்திதான். பாதிப் படத்துல அவளுக்கு மயக்கம் வந்து விழுந்துட்டா. பிள்ளை கண்ணாடியைப் பிடிச்சு எந்திச்சு நின்னு தட்டுது. ஹாலுல காமெடி சீன் ஓடுது. எல்லாரும் சிரிக்காங்க. கடைசி வரிசைக்காரன் ஒருத்தன் திரும்பிப் பாத்தான். பிள்ளை வாயை இம்புட்டுத் திறந்துட்டு நிக்குது."

"பாத்துட்டானா?"

"பாத்தான். பிள்ளையும் சிரிக்குதுன்னு நினைச்சுட்டான்."

"பிறகு?"

"பிறகு அவன் திரும்பிப் படத்தைப் பாத்தான்."

ஆவுடையப்பனும் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார்.

"அதுக்கும் மணிக்கும் என்ன டீச்சர்?"

"சும்மா ஞாபகம் வந்துச்சு அண்ணாச்சி. நீங்க வேலையைப் பாருங்க."

அவர் வேலையைப் பார்த்தார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் இருந்து நர்ஸ் போன் பண்ணினாள். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருந்த ஒரு பெட்டியும் வேலை செய்யவில்லை. தாய்க்கு ஆபரேஷன் ஆகி நினைவு இன்னும் சரியாக வரவில்லை. தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு வைத்துத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்றிலிருந்து அப்படியே.

"அவரு தூங்கி விழுந்துருவாரு டீச்சர்," என்றாள் நர்ஸ். "இன்னைக்கு இருட்டுதுக்குள்ள பெட்டி வேணும்."

புதுப்பெட்டி ஒன்று முடிகிற நிலையில் இருந்தது. அதற்கு எழுதிக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன்.

மதியம் ஜீப் வந்துவிட்டது. டிரைவர் பெயர் சங்கிலி. உள்ளே வரமாட்டான். இந்த இடத்துக்குள் வந்தால் காது அடைக்கிறது என்பான். வாசலில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன வே, பெட்டிக்கு இன்னும் வளைகாப்பு முடியலையா?"

"இரு சங்கிலி. இப்ப ஆயிரும்."

"பாறை உருண்டு ரோடு போச்சுன்னா நீருதான் பெட்டியைத் தலையில வச்சுட்டு ஏறணும். சொல்லிட்டேன்."

ஆவுடையப்பன் கம்பைலரை ஓட்டினார். மணி ஒரு தடவை அடித்தது.

பார்த்தார். பெட்டிக்குள் சூடு பார்க்க இரண்டு வயர் உண்டு. ஒன்று காற்றில் தொங்கும். இன்னொன்றைப் பிள்ளையின் தோலில் ஒட்டுவார்கள். தோல் வயர் சொல்லுகிற எண்ணை வாங்கி ஒரு பெயரில் வைத்திருந்தார். அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை என்று கம்பைலர் சொன்னது.

'கேட்டிருக்கேனே,' என்று நினைத்தார். மேலே கீழே ஓட்டிப் பார்த்தார். காற்று அதிகம் சூடானால் நிறுத்து, காற்று ஆறினால் ஏற்று, பிள்ளை ஆறினால் கத்து. எல்லாம் எழுதியிருந்தது. திரும்ப ஓட்டினார். திரும்ப ஒரு மணி.

வெளியே சங்கிலி ஹாரன் அடித்தான். சுவருக்குள் அது எறும்பு நடக்கிற மாதிரிக் கேட்டது.

பெட்டிக்குள் தண்ணிப்பிள்ளை படுத்திருந்தது. ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பையில் வெந்நீர் நிறைத்து, பிள்ளை அளவுக்குத் துணி சுற்றி, தலைக்குக் குல்லாய் போட்டு வைத்திருப்பார்கள். பெட்டியைச் சோதிப்பதற்கு. குல்லாய்க்குக் கீழே முகம் இல்லை. பெட்டியின் மேலே பச்சை லைட் எரிந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆவுடையப்பன் பச்சை லைட்டைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்கி விழுகிற தகப்பனை நினைத்தார்.

சும்மா கூப்பிடுகிற வரியை எழுதினார்.

கட்டுப்பாடு ஞாபகம் வந்தது. மனைவி பெயரை நினைத்தார், வைக்கவில்லை. மகன் பெயரை நினைத்தார். எழுத்தில் விரல் வைத்துவிட்டு எடுத்துவிட்டார். பிறகு ஒரு பெயரை எழுதினார். தோல் வயரின் எண்ணை வாங்குகிற இடத்திலும் அதே பெயர், சும்மா கூப்பிடுகிற இடத்திலும் அதே பெயர்.

ஓட்டினார்.

மணி அடிக்கவில்லை. ஆனால் அதன் நாக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். அந்தத் தியேட்டருக்குள் காற்று கிடையாது.

வாசலில் இருந்து சங்கிலி கூப்பிட்டான்.

"வே, உள்ள பிள்ளை யாரும் இருக்கா?"

"இங்க ஏது பிள்ளை?"

"அழுத மாதிரி கேட்டுச்சே."

"மயிலா இருக்கும்."

"மழையில மயில் கத்தும்னு எனக்குத் தெரியாதா? இது மயிலு இல்ல. பால்குடிப் பிள்ளை அழுதது."

"உனக்குக் காது அடைக்குதுன்னியே."

"உள்ள வந்தாத்தான் அடைக்கும். வெளிய நல்லாக் கேக்குது," என்றான் சங்கிலி. சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

டீச்சர் படம் ஓட்டுகிற அறையிலிருந்து இறங்கி வந்தாள்.

"மணி நின்னுட்டே அண்ணாச்சி."

"ஆமா டீச்சர். சரி பண்ணிட்டேன். பெட்டிக்குள்ளயும் போட்டாச்சு. வண்டில ஏத்திரலாம்."

"என்ன இருந்துச்சு?"

டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பொன்னி யாரு?"

"எங்க வீட்டுப் பேருதான்."

"உங்க வீட்டுல அக்காவும் பையனும்தான இருக்காங்க?"

"அவனுக்கு முன்னால ஒண்ணு பிறந்துச்சு."

டீச்சர் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"எட்டாம் மாசம்," என்றார் ஆவுடையப்பன். "பேரு வைக்கல. நான் மனசுல வச்சிருந்தேன். பொன்னின்னு. எங்க வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

"எதுக்கு அந்தப் பேரை எழுதினீங்க?"

"உயிரோட இருக்கவங்க பேரை எழுதக் கை வரல டீச்சர். போனவளுக்கு இனிமே என்ன வந்துரப் போகுது?"

டீச்சர் கண்ணாடி அறைக்குள் போனாள். அவரும் பின்னால் போனார். கதவைச் சாத்தினதும் வெளியே மழை பெய்வது நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது.

அவள் பெட்டியைத் திறந்தாள். தண்ணிப்பிள்ளையை எடுத்தாள். தலைக்குக் கை கொடுத்துத்தான் எடுத்தாள். துணியைப் பிரித்து, பையில் இருந்த வெந்நீரை வாளியில் ஊற்றினாள். மூலையில் இருந்த ஐஸ் பெட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு நிறைத்தாள். திரும்பத் துணி சுற்றினாள். குல்லாயைப் போட்டு, தோல் வயரை ஒட்டி, பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினாள்.

"வண்டி நிக்குது டீச்சர்."

"நிக்கட்டும். அங்க அந்த ஆளு இப்ப என்ன பண்ணிட்டு இருப்பாரு?"

"யாரு?"

"பிள்ளையோட அப்பா."

"நெஞ்சுல கட்டிட்டு உக்காந்திருக்காரு. நர்ஸம்மா சொன்னாங்கள்லா. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை காலைத் தொட்டுத் தொட்டுப் பாக்காராம். ஆறிட்டியா, ஆறிட்டியான்னு கேட்டுட்டே இருக்காராம்."

"யார்ட்ட?"

"பிள்ளைட்டதான்."

"சரி. இந்தப் பெட்டியை இப்ப பாருங்க."

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை லைட் எரிந்தது. உள்ளே வெதுவெதுப்பான காற்று ஓடுகிற சத்தம். கண்ணாடியில் ஆவி படிந்தது. குல்லாய் போட்டது அசையாமல் கிடந்தது.

நேரம் போயிற்று. பெட்டி கத்தவில்லை.

"பச்சைதான் எரியுது," என்றார் ஆவுடையப்பன். அவர் குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது.

"கையை விடுங்க."

பெட்டியின் பக்கத்தில் கை விடுவதற்கு வட்டமாக ஒரு திறப்பு உண்டு. அவர் கையை விட்டார். உள்ளே காற்று சூடாக இருந்தது, அடுப்படி மாதிரி. கை துணிக்குள் போனது. தொட்டது.

வெளியே எடுக்க வேண்டிய கையை அவர் எடுக்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"எப்படி?"

"பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். ஆயா வந்து, பிள்ளை நல்லாத் தூங்குது அண்ணேன்னு சொன்னா. நானும் ஆமான்னேன். பச்சை எரியுதுல்லா." கை துணிக்குள்ளேயே இருந்தது. "துணியில சுத்திக் கையில குடுத்தாங்க பாருங்க, அப்ப தொட்டேன். இந்தக் குளிரு. இதே குளிரு டீச்சர்."

பச்சை லைட் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்காகத்தான் டிவிக் கடையை மூடிட்டு இங்க வந்தீங்களா?"

"ஆமா."

"கையை எடுங்க. வாங்க, அந்த வரியை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர் கை ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். மெஷினுக்கு எழுதின பாஷையில் வரியை வாசித்தார்.

"அப்படி இல்ல. நம்ம பேச்சுல."

அவர் திரையைப் பார்த்தார்.

"பொன்னியைக் கூப்பிடு."

"ம்."

"வந்தா..."

"வந்தா?"

"வந்தா ஒண்ணும் கேக்காத." விரல் வரியின் கடைசிக்குப் போனது. "போட்டுட்டுப் போ."

மேலே தொங்கின மணியின் நாக்கு ஆடுவதை இப்போது டீச்சரும் பார்த்தாள்.

ஆவுடையப்பன் அந்த வரியை அழித்தார். ஓட்டினார்.

மணி அடித்தது. இந்தத் தடவை சுவர் அதை உடனே விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டது.

"அடிக்குது டீச்சர். நான் எல்லாந்தான் எழுதியிருக்கேன். ஆனாலும் அடிக்குது. வண்டிக்காரன் நிக்கான். அங்க அந்த ஆளு தூங்கிருவான். நான் என்னதான் செய்ய?"

"போய் என்னன்னு கேளுங்க அண்ணாச்சி."

"யார்ட்ட கேக்க?"

"கூப்பிடுத ஆள்ட்ட."

அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனார். பொன்னி எங்கே பிறந்தாள் என்று பார்த்தார். தோல் வயரில் எண்ணை வாங்குகிற இடம். அங்கேயிருந்து வரிவரியாகக் கீழே இறங்கினார். அவளை எங்கே கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, வாய்விட்டு.

காற்று அதிகம் சூடானால் நிறுத்து. சரி. காற்று ஆறினால் ஏற்று. சரி. பிள்ளை ஆறினால்...

விரல் நின்றது.

அந்த வரியை அவர் புதிதாக எழுதியிருக்கவில்லை. மேலே இருந்த வரியை அப்படியே எடுத்துக் கீழே ஒட்டி, 'ஏற்று' என்பதைக் 'கத்து' என்று மாற்றியிருந்தார். யாரைக் கேட்பது என்கிற பெயரை மாற்ற மறந்திருந்தார். ஓரத்தில் அவர் குறிப்பு எழுதி வைத்திருந்தது மட்டும் பிள்ளை ஆறினால் என்று. உள்ளே மெஷினுக்குச் சொல்லியிருந்தது காற்று ஆறினால் என்று.

அந்தப் பெட்டி பிள்ளையைக் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் காற்றை.

"இத்தனை தடவை வாசிச்சேன்," என்றார். "என் கண்ணுக்கு ஓரத்துல எழுதினதுதான் தெரிஞ்சுது."

டீச்சர் எழுந்து கண்ணாடி அறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அவர் காற்றின் பெயரை எடுத்தார். அங்கே பொன்னி என்று எழுதினார். மணியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மணி அடிக்கவில்லை. நாக்கும் ஆடவில்லை.

எழுதினதைப் பெட்டிக்குள் ஏற்றினார். ஏறி முடித்த அந்தக் கணம் பெட்டி கத்தியது. பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது. கண்ணாடி அறைக்குள் நின்ற டீச்சர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கத்தட்டும் என்று நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஆவுடையப்பனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. அவர் ஓடிப் போய் அறைக் கதவைத் திறந்தார். சத்தம் வெளியே வந்து காலி ஹால் முழுக்க நிறைந்தது.

தண்ணிப்பிள்ளையை எடுத்து வெந்நீரை மாற்றிப் படுக்கவைத்தார்கள். பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அழுது முடித்த பிள்ளை விம்முகிற மாதிரி இரண்டு தரம் கத்திவிட்டு நின்றது. பச்சை வந்தது.

ஆவுடையப்பன் பச்சையை நம்பவில்லை. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. எடுத்துவிட்டுத் திரும்பவும் தொட்டுப் பார்த்தார்.

திரும்ப ஐஸ் தண்ணீர், திரும்ப வெந்நீர் என்று சலிக்கிற வரைக்கும் சோதித்தார்கள். ஒரு தரமும் தவறாமல் கத்தியது, ஒரு தரமும் தவறாமல் அடங்கியது. பிறகு அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார்கள்.

சங்கிலி வாசலில் தலையை நீட்டினான்.

"ஏத்தலாமா? இல்ல இன்னும் தாலாட்டு பாக்கி இருக்கா?"

"ஏத்தலாம். வந்து ஒரு கை பிடி."

சங்கிலி உள்ளே எட்டு வைக்க யோசித்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். போல்ட்டில் இடித்துக்கொண்டு, "எந்தப் பய நட்டது இதை," என்று வைதான். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தவன் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"பிள்ளை அழுகை நின்னுட்டு போல."

டீச்சர் மணியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதான் கேக்கேன். உள்ள யாரு பிள்ளையோட வந்தது? மழை முழுக்க அழுதுச்சு பாவம். பால் குடுத்தாங்களா?"

"தூக்கு," என்றார் ஆவுடையப்பன்.

மழை விட்டிருந்தது. பெட்டியை ஜீப்பில் வைத்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். மலைமேல் மேகம் விலகிச் சாலை கொஞ்சம் தெரிந்தது. டீச்சர் நர்ஸுக்குப் போன் பண்ணினாள். தகப்பன் இன்னும் விழித்திருக்கிறான் என்று நர்ஸ் சொன்னாள். பிள்ளையின் காலை இன்னும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

சங்கிலி வண்டியைக் கிளப்பினான். ஆவுடையப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். டீச்சரிடம் வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணு மறந்துட்டேன் டீச்சர். பேரை மாத்தல. உள்ள பொன்னின்னேதான் இருக்கு." தார்ப்பாயைப் பார்த்தார். "இப்பதான் சும்மா கூப்பிடுத வரி இல்லையே. பழைய பேரையே வச்சிரலாம்லா. ஒரு நிமிஷ வேலை. இறக்கவா?"

டீச்சர் அவரைப் பார்த்தாள்.

"இப்ப அவளைக் கேக்குதீங்களா?"

"கேக்குதேன். நொடிக்கு நொடி கேக்கும்படியாத்தான் எழுதியிருக்கு."

"அவ சொன்னா?"

"சொன்னா பெட்டி கத்தும். யாராவது ஓடி வரணும்."

ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. தார்ப்பாயின் ஒரு மூலை மட்டும் லேசாகத் துடித்தது.

"அப்ப இறக்க வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் டீச்சர். "போற இடத்துல பிள்ளைக்கு ஒரு துணை வேணும்லா."